ஜூனில் அச்சான சஞ்சிகை

கார்ட்டியர்வில் வீட்டின் பேஸ்மென்ட் யன்னலால் ஓகஸ்ட் வெயில் சாய்ந்து, நிரோஜன் விரித்து வைத்திருக்கும் சஞ்சிகையின் வழுவழுத்த தாளில் விழுகிறது. அமெரிக்கக் காற்பந்து வீரர்களை முறைவைத்துத் தெரிந்தெடுத்து, நண்பர்கள் ஆளுக்கொரு கற்பனை அணி கட்டும் நாள். எதிர்க் கதிரையில் கேதீஸ்வரன் போனும் கையுமாக இருக்கிறான். ஜூனில் அச்சடித்ததை வைத்து இவன் என்ன கிழிக்கப்போகிறான் என்று அவனுக்கு எரிச்சல். ஆனால் போனை ஒருவர்தான் பார்க்கலாம். சஞ்சிகையை இரண்டு பேர் குனிந்து பார்க்கலாம். அந்த இரண்டாவது ஆள் கேதீஸ்வரனுடைய மனைவி சுபாங்கி. நிரோஜன் அவளுடைய தாய்மாமன் மகன், ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டு வந்தவன். அவன் மஞ்சள் பேனையால் கோடிழுக்க, தாள் நழுவாமல் அவள் பிடித்துக்கொடுக்கிறாள். கேதீஸ்வரன் இந்த விளையாட்டைப் பற்றி வாய் திறந்தாலே கொட்டாவி விடுகிறவள்.

நிரோஜனின் விரல் ஒரு படத்தில் நிற்கிறது. நேற்றுப் பயிற்சியில் முழங்கால் உடைந்த வீரன். சஞ்சிகைக்கு அது தெரியாது. கேதீஸ்வரன் மூச்சுக் காட்டாமல் காத்திருக்கிறான். உள்ளே இனிக்கிறது.

"அவன் வேண்டாம் மச்சான்," என்கிறாள் சுபாங்கி. "முழங்கால் உடைஞ்சிட்டுதாம். காலமை தேத்தண்ணி குடிக்கேக்க இவர் சொன்னவர்." பிறகு பக்கத்தைப் புரட்டி இன்னொரு படத்தைத் தொடுகிறாள். "இவனை எடுங்கோ. இவர் தனக்கெண்டு பாத்து வைச்சிருக்கிற ஆள்."

நிரோஜன் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்கும் மஞ்சள் கோடு இழுக்கிறான். தாள் நழுவாமல் அவள் பிடித்துக்கொடுக்கிறாள்.