உப்புச் சுவருக்குச் சிமெண்டு

“மறுபடியும் பூச்சு உதுந்துருச்சா? போன ஆடியிலதானுங்க பூசிட்டு வந்தீங்க?” என்று லீலா கேட்டிருந்தாள்.

“உப்பரிச்ச சொவரு புள்ள. அதென்ன, உன்னாட்டம் சொன்ன பேச்சு கேக்குமா?” என்று சிரித்திருந்தான் மல்லப்பன்.

அது நேற்றுச் சாயங்காலம்.

இன்று காலை ஒன்பதரைக்குப் பஸ். மைசூர் அக்ரஹாரத்து வாடகை வீட்டில் லீலா கணவனின் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மரக்காணம் பக்கம், கடலோரத்தில், வெள்ளைக்காரன் காலத்து உப்புக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒன்றைக் கல்யாண மண்டபம் ஆக்கியிருந்தார்கள். சுவர் பூசியவன் மல்லப்பன். உதிர்ந்தால் தானே வந்து பூசித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

மூன்று வருஷத்தில் இது ஐந்தாவது பயணம்.

முந்தைய நான்கு தடவையும், சொல்ல வந்ததை வாசல்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டாள் லீலா. இன்றைக்கும் விழுங்கினால் இனி அது வாயில் வராது என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பு அவளும் சித்தாள் வேலை பார்த்தவள்தான். செங்கல்லில் ஏறிய உப்புக்குச் சிமெண்டு ஒரு மழைக்காலம் தாங்காது. சுண்ணாம்புக் காரைதான் நிற்கும்.

மைசூரில் பழைய கட்டடமென்றால், சுண்ணாம்பு பூச மல்லப்பனைத்தான் தேடி வருவார்கள். அவனுக்கா இது தெரியாது?

தெரிந்தேதான் சிமெண்டு பூசுகிறான்.

பூச்சு உதிர வேண்டும். உதிர்ந்தால்தான் அந்த ஊருக்குப் போக ஒரு சாக்கு கிடைக்கும்.

கரண்டி, மட்டப்பலகை, இரண்டு சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றிய ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. ஒவ்வொரு பயணத்துக்கும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல் மறுபடியும் சுற்றி வைத்துவிடுவாள்.

இன்று சுற்றவில்லை. பையின் மேலேயே வைத்தாள்.

தலை வாரிக்கொண்டு வந்த மல்லப்பன் அதைப் பார்த்தான். சீப்பு பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“லீலா, அது வந்து... சும்னே... சும்மாதான்...” என்றான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஹனூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அவன் எதையும் மறைக்கவில்லை. முதல் மனைவி காய்ச்சலில் போனது, ஆறு வயதில் மனிஷா என்றொரு மகள் இருப்பது, அவள் தாய்மாமன் வீட்டில், கடலோரத்தில் வளர்வது, எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரக்கூடாது, அப்பாவும் போய்ப் பார்க்கக்கூடாது என்று நிபந்தனை போட்டவள் லீலாதான்.

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, வரும்போது மனிஷாவையும் கூட்டிட்டு வந்துருங்க.”