ட்ரெவரின் ஒற்றை நட்சத்திரம்

டாஸ்மேனியாவின் தேசியப் பூங்காக்களில் எங்கே கூடாரம் போடலாம் என்று சொல்வதற்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது ட்ரெவரின் எண்ணம். மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி கைபேசியில் விமர்சனத்தைத் தட்டி, மனைவிக்கு வாசித்தும் காட்டினார்.

“கழிப்பறையில் நாற்றம். காலெல்லாம் அட்டை. இரவு முழுக்கப் பேய்க்காற்று. குடும்பத்தோடு வந்துவிடாதீர்கள். ஒரே ஒரு நட்சத்திரம். எப்படி, க்ளெனிஸ்?”

“பாம்ப விட்டுட்டியே, ட்ரெவ்.”

“அட, ஆமா!”

பாம்பையும் சேர்த்து அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். எதிரே வெண்மணல், பச்சைக் கடல், புல் மேயும் வாலபி என்னும் குட்டிக் கங்காருக்கள். கண்ணுக்கெட்டிய வரை வேறு கூடாரமே இல்லை.

“ஈஸ்டர் முழுக்க இது நமக்கு மட்டும்தான்!”

அப்போது நான்கு வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. முதலில் இறங்கிய பெண் கூவினாள்.

“விமர்சனத்துப் பக்கத்துல போட்ட படத்துல இருக்கிற அதே தொப்பி! நீங்கதானே ட்ரெவர்? நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் வந்தோம்!”

“மோசம்னுதானே எழுதினேன்?”

“ஏழு வருஷமா, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வந்து திட்டியிருக்கீங்க. அவ்வளவு மோசமான இடத்துக்கு ஒரு மனுஷன் ஏழு தடவை வருவாரா?”

ட்ரெவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். க்ளெனிஸ் சிரித்துக்கொண்டே கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள்.

“வாங்க, வாங்க! பாம்பெல்லாம் ட்ரெவ் போனுக்குள்ளதான் இருக்கு. தைரியமா உக்காருங்க!”