ஆளில்லாத கோல்

ஓடைக்கரை கிளப்புக்கும் மேட்டுக்காட்டு கிளப்புக்கும் கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடைக்கரைக்குக் கோல்கீப்பர் கோழி. கோப்பையை ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. வந்த பந்தையெல்லாம் இறக்கையை விரித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், மேட்டுக்காட்டுக் கடா பந்தை உருட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். அந்நேரம் பார்த்து மைதானத்தில் ஒரு பருந்தின் நிழல் விழுந்தது. கோட்டுக்கு வெளியே கோழியின் குஞ்சுகள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தன. கோப்பையாவது ஒன்றாவது! கோழி கோலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அடிடா கடா! கோல் காலியா கிடக்கு!” என்று கத்தினான் அவன் கூட்டாளி நாய்.

பருந்து போனதும், எல்லாம் போச்சு என்று கோழி திரும்பிப் பார்த்தாள். கடா பந்தின்மேல் காலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தான்.

“ஏன் தம்பி, அடிக்கலையா?”

“ஆளில்லாத வீட்டுல நுழைய நான் என்ன திருடனா அக்கா? வந்து நில்லுங்க.”

கோழி வந்து நின்றாள். கடா கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் ஓங்கி அடித்தான். கோழி பறந்து பார்த்தாள். இறகு நுனியை உரசிக்கொண்டு பந்து வலைக்குள் போய்விட்டது. கோப்பையும் போச்சு.

“கெட்ட ஆடு!” என்று குஞ்சுகள் அழுதன.

“வாயில போடுவேன்! மாமான்னு சொல்லுங்க,” என்றாள் கோழி. “அம்மா வர்ற வரைக்கும் நின்னு, அப்புறம் என்னா அடி அடிச்சாரு பாத்தீங்களா!”