அப்பா திறந்த குப்பி

இன்று அப்பாவுக்கும் அம்மைக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அம்மை இறந்து நான்கு மாதமாகிறது.

கப்பல் வேலையில் இருந்தபோது பிரான்சில் வாங்கிய ஒயினை இந்த நாளுக்கென்றே அலமாரியில் வைத்திருந்தார் அப்பா. இன்று கார்க்கைத் திருகி எடுத்து ஒரு மிடறு குடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“பிளஸ்ஸி, இஞ்ச வா மக்கா. மணத்தைப் பாரு! இதுதாம்ட்டி ஒயின். உங்க அம்மை கிறிஸ்மசுக்குச் சாடியில போடுவாளே, அது கசாயம்லா!”

“அம்மை கேட்டா ஏசுவா.”

“வந்து ஏசட்டு.” தம்ளரைக் காலி செய்தார். “இதுல ஒரு வாய் குடிக்க அவளுக்குக் குடுத்து வைக்கல்லியே.”

இரண்டாவது தம்ளரை நிறைத்தார்.

“மெதுவா குடியுங்கப்பா” என்றேன்.

சொல்லிவிடலாமா என்று இரண்டு முறை வாயெடுத்தேன். சொல்லாதது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

போன வருடம் அம்மையும் நானும் அலமாரியைத் துடைத்தபோது பார்த்தால், கார்க் உளுத்து பிரான்ஸ் ஒயின் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. அப்பா மனமுடைந்துபோவார் என்று, அம்மை அந்தக் குப்பியைக் கழுவித் தன் கிறிஸ்மஸ் ஒயினை நிறைத்து, புதுக் கார்க் அடைத்தாள். புனலைப் பிடித்தவள் நான்.

அம்மை போட்ட ஒயினில் இனி மிச்சமிருப்பது அந்தக் குப்பியில் உள்ளது மட்டும்தான்.