நீல லாரியில் மணப்பெண்

"கல்யாணம் முடியற வரைக்கும் ஒரு மாடுகூட என் கண்ணுல படக்கூடாது," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா கான்ஸ்டன்ஸ்.

அமெரிக்காவின் மொன்டானாவில், பெண் வீட்டாரின் நூறு வருஷத்துப் பண்ணை. பழைய மரக்கொட்டகைக்கு முன்னால், புல்வெளியில் கல்யாணம். கல்யாணப் போட்டோவில் கொட்டகை வேண்டும், மாடு வேண்டாம்.

"மாடில்லாத பண்ணையா, சம்பந்தியம்மா?" என்று கேட்டுப் பார்த்தார் பெண்ணின் அப்பா வெண்டல். பலிக்கவில்லை. இருநூறு மாடுகளையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தார்.

அதற்குள் கான்ஸ்டன்ஸுக்கு அடுத்த யோசனை வந்திருந்தது.

"அந்தத் துருப்பிடிச்ச நீல லாரியில பொண்ணு வந்து இறங்கட்டும். பழைய காலத்து அழகு. ஹாரன் அடிச்சுக்கிட்டே வரணும்."

"அந்த லாரியா? ஹாரன் வேறயா?"

"சொன்னதைச் செய்யுங்க."

வெண்டல் மகளைப் பார்த்தார். ஜோலின் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஹாரன் முழங்க லாரி வந்தது. பின்னாலேயே மேடு அதிர்ந்தது. இருநூறு மாடுகளும் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மணப்பெண்ணைச் சட்டை செய்யாமல் லாரியின் பின்புறத்தை முகர்ந்தன.

"யாரு இதுங்களைக் கூப்பிட்டது?" என்று கத்தியபடி நாற்காலிமேல் ஏறி நின்றாள் கான்ஸ்டன்ஸ்.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார்.

"தினமும் இந்த லாரியிலதான் வைக்கோல் கொண்டுபோவோம். ஹாரன் சத்தம் கேட்டா ஓடி வந்துரும். கூப்பிட்டது நீங்கதான், சம்பந்தியம்மா."