உலைக்குள் இரும்பு

"அந்தக் குழந்தையோட மூச்சை நிறுத்துறது இந்த உலைதான்," என்றாள் ரலிட்சா.

வார்ப்பாலையில் வேலை அப்படியே நின்றது. ரயில் பெட்டிகளுக்கு பிரேக் கட்டை வார்க்கும் சின்னத் தொழிற்சாலை அது. அந்த மலையூரில் சம்பளம் தரும் ஒரே இடம். ரலிட்சா மின்வாரியத்தின் பொறியாளர்; அதே ஊர்க்காரி. அவள் தம்பி வெலிச்கோ அங்கே உலைக்காரன்.

முதலாளி ஸ்தாமென் தொப்பியைக் கழற்றினார். "என்னம்மா சொல்ற? உங்கப்பாவும் நானும் சேர்ந்து ஏத்தின உலை இது. நீ பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்து எரியுது. இத்தனை வருஷம் யார் மூச்சும் நிக்கலையே?"

"ஆஸ்பத்திரியில அளந்து பார்த்துட்டேன், மாமா. கரண்ட் அலை அலையா சீரா வரணும். அங்க அது கிழிஞ்ச ரம்பம் மாதிரி வருது. ஹார்மோனிக்ஸ். அதுலதான் சுவாச மெஷின் நின்னு நின்னு போகுது. இந்த லைன்ல அப்படிக் கலக்கிவிடுற அளவுக்குப் பெரிய ஆள் உங்க உலைதான்."

அந்த ஊரில் மின்சார விஷயத்தில் அவள் வாக்குக்கு மறுபேச்சு கிடையாது. மின்சாரத்தை வீணாக இழுக்கிறது என்று மருத்துவமனைக்கு அபராதம் மேல் அபராதமாக வந்துகொண்டிருந்தது. போன வசந்தத்தில் அவள்தான் முன்னால் நின்று அங்கே அந்த வீணைத் தடுக்கும் கெபாசிட்டர் பெட்டி வைக்கச் செய்தாள். அடுத்த மாதமே அபராதம் நின்றது. தலைமை நர்ஸ் தொத்கா வீடு தேடி வந்து, தன் கையால் சுட்ட பனிட்சா பலகாரம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது அதே தொத்காதான் காலையில் அழுதபடி கூப்பிட்டிருந்தாள். குறைமாதக் குழந்தை, உள்ளங்கையில் அடங்கிவிடும். கணவாயில் பனி மூடியதால் நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. பழைய பேட்டரியும் கைவிட்டுவிட்டது. மெஷின் நிற்கும்போதெல்லாம் நர்ஸுகள் கையால் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துறேன், சரி," என்றார் ஸ்தாமென். "ஆனா உலை நிறைய இரும்பு உருகிக் கெடக்கு. அச்சு இன்னும் ரெடியாகல. கொஞ்ச நேரம் குடு, ஊத்திட்டு நானே நிறுத்திடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"அந்தக் குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்ல."

வெலிச்கோ முகக்கவசத்தை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "அக்கா, குழந்தை சாகட்டும்னு இங்க எவன் சொன்னான்? என் பையனும் அந்த ஆஸ்பத்திரியில பொறந்தவன்தான். ஆனா கரண்ட் போச்சுன்னா உலையைச் சாய்க்கக்கூட முடியாது. உள்ளேயே உறைஞ்சு போயிடும். அப்புறம் அது உலை இல்ல, பாறை. உடைச்சுத்தான் எடுக்கணும்."

"ஒரு உலை போனா இன்னொண்ணு வாங்கலாம்."

"யாரு, நீ வாங்கித் தருவியா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஸ்தாமென் அவள் கையைப் பிடித்தார். "இன்னும் ஒரு தடவை யோசி, பொண்ணே. உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும், மாமா."

அவள் முற்றத்துக்கு நடந்தாள். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். அங்கிருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக் கீழே இழுத்தாள். உலையின் இரைச்சல் ஒரு பெருமூச்சுபோல இறங்கி அடங்கியது.

யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாதென்று சுவிட்சுக்கு ஈய முத்திரை வைத்தாள். பிறகும் அங்கேயே நின்றாள். போகக் கால் வரவில்லை.

ஆட்கள் உலையைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாய்க் கொதித்த இரும்பு மஞ்சளானது, மஞ்சள் சிவந்தது. பாலில் ஆடை படிவதுபோல மேலே கறுப்பாய் ஒரு தோல் படர்ந்தது. வெலிச்கோ நீளக் கம்பியால் அதைக் குத்திப் பார்த்தான். முதலில் உடைந்தது. பிறகு உடையவில்லை. கம்பியைக் கீழே போட்டான்.

"வீட்டுக்குப் போங்கப்பா," என்றார் ஸ்தாமென். "நாளைக்கு வரவேண்டாம்." ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி பொழைக்க ஜெர்மனிக்குத்தான் போகணும், பஸ் எப்பன்னு விசாரிச்சு வைடா," என்றான் ஒருவன். இன்னொருவன் கையுறைகளைக் கழற்றி உலைமேல் வைத்துவிட்டு நடந்தான். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கடைசியாக வெலிச்கோ வந்தான். பத்து வயதில் அவன் விழுந்து பல் உடைந்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்.

"வேலை முடிஞ்சுதா, மேடம்?" என்றான்.

"வெலிச்கோ, ஒரு உயிருடா..."

"தெரியும். அதனாலதான் உன்மேல கைவைக்காம போறேன்." பனியில் துப்பிவிட்டு வெளியேறினான்.

அவன் போவதையே பார்த்தாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று நிமிர்ந்து நின்றது. நூறு பேர் ஏசட்டும்; ஒரு குழந்தை மூச்சு விடுகிறது. அந்த நினைப்பைப் பற்றிக்கொண்டுதான் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

கைபேசி அடித்தது. தொத்கா. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தபோது ரலிட்சாவுக்குக் கண் நிறைந்தது.

"ரலிட்சா, எங்க இருக்க நீ?" தொத்காவுக்கு மூச்சிரைத்தது. "மெஷின் மறுபடியும் நின்னு போச்சு, இப்பதான், இந்த நிமிஷம். கையாலதான் காத்தடிச்சிட்டிருக்கோம். குழந்தை நீலம் பாஞ்சு கெடக்கு..."

ரலிட்சா கண்ணாடி வழியே வார்ப்பாலையைப் பார்த்தாள். கூரைக்கு மேலே புகை இல்லை. அந்த லைனில் இந்த வருஷம் புதிதாக வந்தது ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் அவளே வைக்கச் செய்த கெபாசிட்டர் பெட்டி.

"இன்னுமா அந்த உலையை நிறுத்தல?"