மூடிய கண்

"அத்தனையும் கள்ளக்காசு!"

சபைச் செயலாளர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

இடிந்துபோன பழைய சர்ச்சில் அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. மணியடிப்பவர் அறையின் தரைக்கடியில் ஒரு கலயம். அது நிறைய காசு. உள்ளே ஈயம், மேலே வெள்ளிப் பூச்சு.

இப்போதைய மணிக்காரருக்கு முகம் செத்துவிட்டது. அவருடைய பூட்டனார் இருந்த அறை அது. மணியடிப்பதும் காணிக்கைப் பை ஏந்துவதும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் குடும்பத்து வேலை. பையை நீட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மூத்தவர்கள் சொல்லிவைத்த வழக்கம். கலயம் கிடைத்த சந்தோஷத்தில் மகளையும் மாப்பிள்ளையையும் வேறு கூட்டிவந்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பையை நீட்டுற குடும்பமாச்சே! மூடின கண்ணுக்குள்ள என்ன ஓடிச்சுன்னு இப்பல்ல தெரியுது. நல்ல காசை எடுத்துக்கிட்டு இதைப் போட்டிருக்கார் உங்க பூட்டனார். மாத்தினது போக மிச்சம்தான் இது!"

"அளந்து பேசுங்க, செயலாளரே."

"இனிமே பையை வேற யாராவது ஏந்தட்டும்யா."

மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்காரருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

குழிக்குள்ளிருந்து ஆய்வாளர் அம்மாள் நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம் ஐயா, இதைப் பாருங்க."

காசின் குறுக்கே ஆழமாக ஓர் உளிவெட்டு. அடுத்ததிலும் இருந்தது. எடுத்த எல்லாவற்றிலும் இருந்தது.

"ஏமாத்த நினைக்கிறவர் வெட்டுவாரா? வெட்டின காசைக் குழந்தைகூட வாங்காதே! பையில விழுந்த கள்ளக்காசையெல்லாம் பொறுக்கியெடுத்து, இனி யார் தலையிலயும் கட்ட முடியாதபடி வெட்டிப் புதைச்சிருக்கார். விளிம்பு தேஞ்சிருக்கு பாருங்க. ஊரெல்லாம் சுத்தி வந்த காசு, இவர் கையோட நின்னுடுச்சு."

மகள் அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மணிக்காரருக்கு நெஞ்சு விம்மியது.

செயலாளர் மட்டும் கிட்டே வந்தார். சர்ச்சின் முதல் வரிசை என்றைக்கும் அவர் குடும்பத்துக்குத்தான். குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"ஏம்பா... இதையெல்லாம் போட்டது யாருன்னு உங்க வீட்டுல ஏதாவது பேச்சு உண்டா?"

பையை நீட்டும்போது கண்ணை ஏன் மூடச் சொன்னார்கள் என்று அந்த நிமிஷம்தான் மணிக்காரருக்கு விளங்கியது. தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"எங்களுக்கு எப்படித் தெரியும், செயலாளரே? நாங்கதான் கண்ணை மூடிக்கிறவங்களாச்சே!"